கார்டிஃபில் வேல்ஸ் ரக்பி மேட்ச்: டிக்கெட் எடுப்பதிலிருந்து ரயில் ஏறித் திரும்புவது வரை

வேல்ஸ் அணி ஆடும் சர்வதேச ரக்பி மேட்ச் ஒன்றை வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் நேரில் பார்க்க முதல்முறையாகக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1881-இல் இங்கிலாந்திடம் தோற்ற முதல் மேட்ச், எழுபதுகளின் பொற்காலம், கிராண்ட் ஸ்லாம் கதைகள் எல்லாம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் படித்துக்கொள்ளுங்கள். இங்கே டிக்கெட், அறை, ரயில், பணம், நேரம் இவ்வளவுதான்.

முதலிலேயே ஒன்று. எல்லோரும் டிக்கெட்டைத்தான் பெரிய கஷ்டம் என்று நினைத்து அதன் பின்னாலேயே ஓடுகிறார்கள். டிக்கெட் கைக்கு வந்த பிறகு தேடினால் ஊரில் அறை இருக்காது. இருந்தாலும் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். மேட்ச் நடக்கும் பிரின்சிபாலிட்டி ஸ்டேடியம் ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் இருப்பதல்ல. மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் வாழும் நகரத்தின் நட்டநடுவில், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது. அதில் சுமார் 74,000 பேர் உட்காரலாம். அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து ஒரே ராத்திரியில் கலைகிறார்கள். அதனால் அன்று ராத்திரி எங்கே படுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

1. எந்த மேட்ச் என்று தேர்ந்தெடுங்கள்

வருடத்தில் இரண்டு பருவங்கள் முக்கியம். பிப்ரவரி, மார்ச்சில் ஆறு ஐரோப்பிய அணிகள் மோதும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டி. நவம்பரில் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அர்ஜென்டினா, ஜப்பான், ஃபிஜி போன்ற அணிகளில் சில வரும். 2026 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த மேட்சுகள் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற பெயரில் நடக்கின்றன.

சிக்ஸ் நேஷன்ஸில் ஒரு சுழற்சி உண்டு, அது தெரிந்தால் திட்டமிடுவது சுலபம். ஒற்றைப்படை ஆண்டுகளில் இங்கிலாந்தும் அயர்லாந்தும் கார்டிஃபுக்கு வரும். இரட்டைப்படை ஆண்டுகளில் ஸ்காட்லாந்து, பிரான்ஸ், இத்தாலி. இங்கிலாந்து வரும் மேட்ச்தான் இருப்பதிலேயே விலை கூடியது, கிடைப்பதும் கஷ்டம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். இத்தாலி மேட்சுக்கோ நவம்பரில் ஜப்பான், ஃபிஜி மேட்சுக்கோ போங்கள். கூரைக்குக் கீழே அதே சத்தம்தான். பணம் பாதிக்கும் குறைவாகச் செலவாகலாம்.

நியூசிலாந்து வந்தால் நிலைமை வேறு. வேல்ஸ் அவர்களைக் கடைசியாக ஜெயித்தது 1953-இல். ஆனாலும் ஒவ்வொரு முறையும் 'இந்தத் தடவை பார்க்கலாம்' என்று ஊரே கிளம்பி வரும்.

இன்னொரு விஷயம், வேல்ஸ்காரர்களிடம் சத்தமாகச் சொல்லாதீர்கள்: அணி அடிவாங்கும் காலத்தில்தான் நமக்கு டிக்கெட் கிடைக்கும். 2025 மார்ச்சில் இதே ஸ்டேடியத்தில் இங்கிலாந்து 68-14 என்று ஜெயித்தது. அதே ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்கா 73-0. இப்படிப்பட்ட பருவங்களில் கடைசி வாரம் வரைகூட இடம் காலியாக இருக்கும். நன்றாக ஆடும் காலத்தில் பொது விற்பனைக்கு வருவதே கொஞ்சம்தான்.

சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பெண்கள் அணியின் மேட்சைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்திலுள்ள கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் ஆடுவார்கள். சில பெரிய மேட்சுகள் பிரின்சிபாலிட்டியிலேயே நடக்கும். 2025 மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிரான மேட்சுக்கு 21,186 பேர் வந்தார்கள். டிக்கெட் மலிவு, தள்ளுமுள்ளு இல்லை, நெருங்கிப் பார்க்கலாம்.

2. வெளிநாட்டிலிருந்து வந்தால்: விசா

பிரிட்டனில் ஏற்கெனவே வசிப்பவர்கள் நேராக மூன்றாவது படிக்குப் போங்கள். வேல்ஸுக்கென்று தனி விசா கிடையாது, பிரிட்டன் விசாதான்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேண்டும். ஆறு மாத விசாவுக்குக் கட்டணம் சுமார் 130 பவுண்டு. அவ்வப்போது ஏற்றுகிறார்கள், கட்டும் நாளில் அரசு இணையதளத்தில் பாருங்கள். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால்தான் விண்ணப்பிக்க முடியும். கைரேகையும் போட்டோவும் கொடுத்த பிறகு வழக்கமாக மூன்று வாரம். நிராகரித்தால் கட்டணம் திரும்ப வராது.

கேட்பது வழக்கமான காகிதங்கள்தான்: பாஸ்போர்ட், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, விடுப்பு அனுமதித்து அலுவலகம் தரும் கடிதம், தங்குமிட விவரம். ஆங்கிலத்திலோ வெல்ஷிலோ இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். தமிழில் இருக்கும் பத்திரத்தை அப்படியே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் மாமாவிடம் கடன் வாங்கி ஒரே தடவையில் லட்சக்கணக்கில் கணக்கில் போடுவது மிகப் பழைய பொறி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் அதுவே நிராகரிக்கக் காரணமாகிவிடும்.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்கு விசா வேண்டாம். ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்ற மின்னணு பயண அனுமதி கட்டாயம். அரசின் ஆப்பில் எடுத்தால் இருபது பவுண்டு வாக்கில் முடிந்துவிடும். மூன்று வேலை நாள் அவகாசம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்றே போலித் தளங்கள் இரண்டு மூன்று மடங்கு வசூலிக்கின்றன.

மேட்ச் டிக்கெட் இருந்தால் விசா நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகும் காரணத்துக்கு அது ஒரு சான்று, அவ்வளவுதான்.

3. டிக்கெட்டுக்கு முன்னால் அறை

சிக்ஸ் நேஷன்ஸ் தேதிகள் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். டிக்கெட் விற்பனை அதற்கு வெகுநாள் கழித்துத்தான் தொடங்கும். இந்த இடைவெளிதான் உங்கள் சந்தர்ப்பம். தேதி தெரிந்த வாரமே, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறை ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம், காசு போகாது. எந்தத் தேதிவரை ரத்து இலவசம் என்பதை மட்டும் போன் காலண்டரில் குறித்து வையுங்கள்.

கார்டிஃபுக்குள் அறை வாங்குவதில் ஓர் அபாயம் உண்டு. தேதி வெளியான உடனே சாதாரண விலைக்குப் பதிவு செய்த அறையை, மேட்ச் இருப்பது தெரிந்த பிறகு 'கணினிக் கோளாறு' என்று சொல்லி ரத்து செய்யும் விடுதிகள் இருக்கின்றன. எனக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே அறை மறுநாள் பல மடங்கு விலையில் அதே தளத்தில் இருந்தது. பெரிய சங்கிலி விடுதிகளில் இந்தத் தொல்லை குறைவு.

ஊருக்கு வெளியே தங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். நியூபோர்ட் ரயிலில் கால் மணி நேரம்கூட இல்லை. பிரிட்ஜெண்ட் சுமார் இருபது நிமிடம். பிரிஸ்டலும் ஸ்வான்சியும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம், ஒரு மணி நேரம். விலை நன்றாக இறங்கும். லண்டன் திசையில் போக வேண்டியவர்களுக்கு நியூபோர்ட் வசதி: மறுநாள் காலை கார்டிஃப் கூட்டத்தில் சிக்காமல் நேராக ரயில் பிடிக்கலாம்.

4. டிக்கெட்

நான்கு வழிகள்.

முதலாவது, வேல்ஸ் ரக்பி யூனியனின் அதிகாரபூர்வ டிக்கெட் தளம். விற்பனை நாளுக்கு முன்பே கணக்கு திறந்து, முகவரி, அட்டை விவரமெல்லாம் போட்டு வையுங்கள். விற்பனை தொடங்கும் நேரத்தில் கடவுச்சொல்லை மறந்து தவிப்பவர்கள் ஏராளம். முன்விற்பனை, பொது விற்பனை என்று கட்டங்கள் உண்டு. அறிவிப்பு மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்தால் தேதி முன்கூட்டியே தெரியும். சிக்ஸ் நேஷன்ஸ் இருக்கை பொதுவாக 40, 50 பவுண்டில் தொடங்கி நூறைத் தாண்டும். நவம்பரில் சில மேட்சுகளுக்கு அதைவிடக் குறைவு. குழந்தைகளுக்குச் சலுகை விலை உண்டு, ஆனால் தனி டிக்கெட் கட்டாயம்.

இரண்டாவது வழி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது: உள்ளூர் ரக்பி கிளப். யூனியனில் முந்நூறு கிளப்புகள் வரை உறுப்பினர்கள். பெரிய மேட்சுகளின் டிக்கெட்டில் கணிசமான பங்கு அவர்களுக்குத்தான் போகிறது. நீங்கள் வேல்ஸில் வேலை பார்ப்பவராகவோ படிப்பவராகவோ இருந்தால், வீட்டுக்குப் பக்கத்துக் கிளப்பில் ஆடாத உறுப்பினராகச் சேரலாம். ஆண்டுச் சந்தா கொஞ்சம்தான். சனிக்கிழமை மதியம் போய் ஓரமாக நின்று இரண்டு மேட்ச் பாருங்கள், பாரில் பேச்சுக் கொடுங்கள். டிக்கெட் பங்கீட்டை யார் கவனிக்கிறார் என்று தானாகவே தெரிந்துவிடும். அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். நாலு மனிதர்களும் பழக்கமாவார்கள், புதிய ஊரில் அது சும்மா கிடைப்பதில்லை.

மூன்றாவது, சாப்பாடும் மதுவும் சேர்ந்த ஹாஸ்பிடாலிட்டி பொதி. கடைசி நேரத்திலும் கிடைக்கும். ஒருவருக்கே பல நூறு பவுண்டு ஆகும். கம்பெனி கொடுத்தால் போங்கள்.

நான்காவது, மறுவிற்பனை. யூனியன் அனுமதித்த வழியில் மட்டும் வாங்குங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டைக் கள்ளச் சந்தையில் விற்பது குற்றம். ரக்பிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் இரண்டு மூன்று மடங்கு விலை சொல்லும் தளங்களாக இருக்கின்றன. குற்றமில்லை என்பதற்காக செல்லுபடியாகும் என்று அர்த்தமில்லை. யூனியனின் விதிப்படி அனுமதியில்லாமல் கைமாறிய டிக்கெட்டை அவர்கள் ரத்து செய்யலாம். வாசலில் நின்று 'டிக்கெட் வேணுமா' என்று கேட்பவர் காட்டுவது பெரும்பாலும் ஸ்க்ரீன்ஷாட். அதே படம் இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறதோ.

இருக்கை வாங்கும்போது தொகுதிப் பெயரின் முதல் எழுத்தைப் பாருங்கள். எல் என்றால் கீழ்த்தளம், எம் நடு, யு மேல். கீழ்த்தளத்தின் முன்வரிசைகளில் ஆட்டக்காரர்களின் மூச்சுவரை கேட்கும், ஆனால் மறுகோடியில் நடப்பது ஒன்றும் புரியாது. மேல்தளத்தில் படிகள் செங்குத்து. முழங்கால் வலி, உயரப் பயம் இருந்தால் வேண்டாம். மற்றபடி ஆட்டம் விரிவதைப் பார்க்க மேல்தளத்தின் நடுப்பகுதிதான் என் தேர்வு. வரிசையின் ஓர இருக்கை வேண்டவே வேண்டாம். பீர் வாங்கவும், குடித்ததை இறக்கவும் எழுந்து போகிறவர்களுக்கு எண்பது நிமிடமும் வழிவிட்டுக்கொண்டே இருப்பீர்கள். இந்த ஸ்டேடியத்தின் தீராத குறை அது. குடி இல்லாத பகுதி விற்பனையில் இருக்கிறதா என்று குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள்.

5. போகும் வழி

லண்டன் பாடிங்டனிலிருந்து கார்டிஃப் சென்ட்ரலுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முன்பதிவு டிக்கெட் மலிவு, ஆனால் அந்த ஒரு ரயிலில் மட்டும்தான் செல்லும். இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மேட்ச் முடிந்து நிலைய வரிசையில் நிற்கும்போதே உங்கள் ரயில் போய்விடும். போகும்போது முன்பதிவு டிக்கெட், திரும்பும்போது நெரிசல் நேரம் தவிர எந்த ரயிலிலும் ஏறக்கூடிய ஆஃப் பீக் டிக்கெட், இதுதான் சரியான சேர்க்கை. ரெயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை 35 பவுண்டு, ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு பேர் சேர்ந்து போனால் இந்த ஒரு பயணத்திலேயே பெரும்பகுதி திரும்பிவிடும்.

வார இறுதிகளில், இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் சுரங்கப்பாதையில் பராமரிப்பு வேலை வந்தால் ரயில்கள் சுற்றிப் போகும், நேரம் கூடும். டிக்கெட் எடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வந்தால் நேஷனல் எக்ஸ்பிரஸ் சோஃபியா கார்டன்ஸில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தே வந்துவிடலாம்.

காரில் வருகிறவர்களுக்கு: செவர்ன் பாலச் சுங்கம் 2018 டிசம்பரிலேயே போய்விட்டது. ஆனால் நியூபோர்ட் அருகே எம்4 சாலையின் பிரிங்க்ளாஸ் சுரங்கத்தில் நெரிசல் நிச்சயம். நகர மையச் சாலைகளை மேட்சுக்குப் பல மணி நேரம் முன்பே அடைத்துவிடுவார்கள். ஊருக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் வரும் பார்க் அண்ட் ரைடை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் மறக்கும் ஒன்று: 2023 செப்டம்பர் முதல் வேல்ஸில் குடியிருப்புச் சாலைகளின் வழக்கமான வேக வரம்பு மணிக்கு 20 மைல். அபராதச் சீட்டு வீட்டுக்கே வரும்.

6. எவ்வளவு ஆகும்

லண்டனிலிருந்து ஒருவர் போய், வெளியூரில் ஓர் இரவு தங்கித் திரும்ப, நடுத்தர இருக்கையோடு 250 பவுண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து மேட்ச், கார்டிஃபுக்குள் அறை என்றால் அது எளிதாக இரட்டிப்பாகும். கார்டிஃபிலேயே இருப்பவர் நவம்பர் மேட்சுக்கு நடந்தே போனால் டிக்கெட்டும் சிப்ஸும்தான் செலவு.

7. மேட்ச் நாளில்

ஏ4 தாளைவிடப் பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கெஞ்சிப் பயனில்லை. அறையிலேயே வைத்துவிடுங்கள், அல்லது காசு வாங்கிப் பையைப் பத்திரமாக வைத்துத் தரும் இடத்தில் விடுங்கள். உள்ளே ரொக்கம் செல்லாது, அட்டை மட்டும்.

டிக்கெட் போனில்தான் இருக்கும். ஸ்டேடியத்தைச் சுற்றி அவ்வளவு கூட்டத்தில் நெட்வொர்க் படுத்துவிடும். காலையிலேயே டிக்கெட்டைப் போன் வாலட்டில் இறக்கி வையுங்கள். பவர் பேங்க் எடுத்துப் போங்கள். நாலு பேர் டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால் நாலு பேரும் ஒன்றாகத்தான் நுழைய முடியும், யாராவது ஒருவர் கடைக்குள் புகுந்துவிட்டால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். உரியவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டேடியத்துக்கு மூடும் கூரை இருக்கிறது. அது மூடியிருக்கும் என்று நம்பி மெல்லிய சட்டையில் போகாதீர்கள். மூடியிருந்தாலும் வாசல் வரிசையிலும் ரயில் வரிசையிலும் பிப்ரவரி மழை உங்கள் மேல்தான்.

டிக்கெட்டில் கேட் எண் இருக்கும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். காரணம் தேசிய கீதம். 'ஹென் வ்லாட் வ ன்ஹாதை' என்று வெல்ஷில் பாடுவார்கள். வாத்தியம் ஓய்ந்த பிறகும் கூட்டம் மட்டும் இழுத்துப் பாடுவது காதில் விழும்போது, கொடுத்த காசில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். முழுப் பாட்டு வராவிட்டால் பரவாயில்லை, 'க்லாட், க்லாட்' என்று பல்லவி வரும் இடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

விதிகள் இவ்வளவு போதும்: பந்தை முன்னால் எறியக் கூடாது. கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதற்குப் பின் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் 2. பெனால்டி உதை 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு எழும்பும்போது உதைக்கும் டிராப் கோல் 3. நாற்பது நாற்பது நிமிடமாக இரண்டு பாதி. எதிரணி ரசிகர் பக்கத்து இருக்கையிலேயே இருப்பார்; கால்பந்து மாதிரி பிரித்து உட்கார வைப்பதில்லை. கேலி பேசலாம், சண்டை கிடையாது.

8. வெளியே வருவது

இறுதி விசில் அடித்ததும் எல்லோரும் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். நிலையத்துக்கு முன்னாலுள்ள சென்ட்ரல் ஸ்கொயரில் ஊர் வாரியாக வரிசை பிரித்திருப்பார்கள். பலகையைப் படிக்காமல் கூட்டத்தோடு போய் நின்றால், முன்னால் போன பிறகுதான் அது ஸ்வான்சி வரிசை என்று தெரியும். லண்டன், பிரிஸ்டல் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்க நேரலாம்.

ரயிலுக்கு அவசரமில்லையென்றால் அந்த வரிசைக்கே போகாதீர்கள். கரோலின் தெருவுக்குப் போங்கள். இரண்டு பக்கமும் சிப்ஸ் கடைகள். அரைக்கு அரை என்று கேட்டால் பாதி சோறும் பாதி சிப்ஸும் போட்டு மேலே கறி சாஸ் ஊற்றித் தருவார்கள். நம் குழம்போடு அதை ஒப்பிட வேண்டாம், குளிருக்குச் சூடாக இறங்கும். சைவக்காரர்கள் சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று கேட்டுவிடுங்கள். மாட்டுக் கொழுப்பு பயன்படுத்தும் கடைகளும் உண்டு. ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து நிலையத்துக்குப் போனால் கூட்டம் வெகுவாக இறங்கியிருக்கும்.

இந்த யோசனை மதிய மேட்சுக்குத்தான். வெள்ளி இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்கும் மேட்ச் பத்து மணிவாக்கில்தான் முடியும். அன்று கடைசி ரயில்களை விட்டால் வேறு வழி இல்லை. சிப்ஸை மறந்துவிட்டு நேராக வரிசைக்குப் போங்கள். மேட்ச் நாட்களுக்கு ரயில் நிறுவனங்கள் தனி அட்டவணை போடுவதால், கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை முந்தின நாள் ராத்திரி மறுபடியும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.